அண்ணியின் இடது புருவம்

நாத்தனார் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று அர்த்தம். நான் சொல்லப்போவதில் பாதி புகழ்ச்சி, பாதி பாவமன்னிப்பு. எது எந்தப் பாதி என்பதை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு நேரமில்லை.

அண்ணி ஆடியாலஜிஸ்ட். யாருக்கு எவ்வளவு காது கேட்கவில்லை என்று அளந்து, அதற்கேற்ற காது மெஷினை மாட்டி அனுப்புகிற வேலை. மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், லிஃப்டிலிருந்து இறங்கி ஆகக் கடைசி வரை நடந்தால் எங்கள் காதுப் பிரிவு. அண்ணி அங்கே இருபத்தொரு வருடமாக இருக்கிறார். நான் அதே பிரிவின் வாசலில் பதிவு மேசையில் இருக்கிறேன். பெயரை எழுதிக்கொண்டு, கோப்பை எடுத்து வைத்து, முறை வந்ததும் கூப்பிட வேண்டும். காது கேட்காதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. பதினாறு வருடமாகக் கூப்பிடுகிறேன், முதல் தடவையில் திரும்பியவர்கள், துணைக்கு வந்த சொந்தக்காரர்கள் மட்டும்தான். பொறுமை எப்போதோ தீர்ந்துவிட்டது, குரல் மட்டும் நன்றாக வளர்ந்திருக்கிறது.

வீடும் ஒரே வீடுதான். கீழே அண்ணன், அண்ணி, அவர்கள் மகள். மாடியில் நான். ஆக, அண்ணியை நான் பார்க்காத நேரம் என்று ஒன்று கிடையாது.

அண்ணி ரொம்ப நல்லவர். ஆனால் சில விஷயங்களில் கறார். உதாரணமாக, செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழியை எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. ஒரு தடவை அண்ணன் வாய் தவறிச் சொல்லிவிட்டு, செவித்திறன் குறைபாட்டின் வகைகளைப் பற்றி நாற்பது நிமிடம் கேட்டார். நடுவில் எழுந்துபோகவும் முடியவில்லை, சாப்பாடு அப்போதுதான் பரிமாறியிருந்தது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், எங்கள் பெரிய டாக்டர் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையை இங்கேயே செய்யப்போவதாக அறிவித்தார். காது மெஷின் போட்டும் கேட்காதவர்களுக்கானது அது. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் இடம் இருக்கிறதாம். அதற்குள் இருபத்திரண்டு மின்முனைகள் உள்ள மெல்லிய கம்பியை டாக்டர் வைத்துவிடுவார். வெளியே காதுக்குப் பின்னால், சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்ப ஒரு ப்ராசஸர். அதிலிருந்து வயரில் வரும், காயில் என்கிற வட்டமான வில்லை காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். டாக்டரின் வேலை அத்தோடு சரி. புண் ஆறியதும் அதைக் கேட்க வைப்பது ஆடியாலஜிஸ்டின் பொறுப்பு. ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மெல்லிய சத்தத்திலிருந்து கேட்கத் தொடங்குகிறது, எவ்வளவு சத்தம் இதமாக இருக்கிறது என்று இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும். மொத்தம் நாற்பத்துநாலு. இதற்கு மேப் என்று பெயர். மேப் சரியில்லையென்றால் தலைக்குள் இருப்பது வெறும் கம்பி.

இந்த வேலைக்காகவே எடுத்த பெண் மூன்றாவது வாரம் வெளிநாடு போய்விட்டாள். பெரிய டாக்டர் அண்ணியைக் கூப்பிட்டு, நீங்களே கற்றுக்கொண்டுவிடுங்கள் என்றார். நாற்பத்தாறு வயதில், கம்ப்யூட்டர் கேள்வி கேட்டாலே எழுந்து நின்று பதில் சொல்லக்கூடிய அண்ணி, தாராளமாக டாக்டர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து என் மேசையில் இருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

கற்றுக்கொடுக்க மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். இருபத்தாறு வயதுப் பெண். சிரித்து நான் பார்த்ததில்லை. அண்ணியை மேடம் என்று கூப்பிடுவார், ஆனால் அந்த மேடத்தில் மரியாதையைவிட எச்சரிக்கைதான் அதிகம். மூன்று தடவை வருவதாக ஏற்பாடு. மூன்றாவது தடவை, அண்ணி தனியாக ஒருவருக்கு முதலிலிருந்து கடைசி வரை மேப் போடுவதை மூலையில் உட்கார்ந்து பார்ப்பார். திருப்தியென்றால் கையெழுத்து. இல்லையென்றால் இங்கே அறுவை சிகிச்சை மட்டும்தான். மேப் போட்டுக்கொள்ள ஒவ்வொரு நோயாளியும் ஆறு மணி நேரம் பயணம் செய்து வேறு ஊருக்குப் போக வேண்டும், அண்ணி பழையபடி பாட்டரி மாற்றிக்கொண்டிருக்கலாம். அண்ணி இதை வாழ்வா சாவா என்றே எடுத்துக்கொண்டார்.

அப்போதிலிருந்து வீட்டில் எங்களுக்கு நிம்மதி போயிற்று. பயிற்சிக்கென்று கொடுத்த காயில் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும், பீரோவில் இருக்கும், வாசல் கேட்டில் இருக்கும். ஒருநாள் எங்கே தேடியும் இல்லை. அண்ணனின் ஸ்கூட்டர் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அலுவலகம் வரை போய், சாயங்காலம் பத்திரமாகத் திரும்பி வந்தது. அண்ணி காந்தத்தைப் பாராட்டினார், ஓட்டியவரை ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது வளையம். நோயாளி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளாமல் இருக்க, மெல்லிய கறுப்புத் துணி கட்டிய எம்பிராய்டரி வளையத்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேச வேண்டுமாம். அண்ணி அதை எங்களிடம் பழகினார். காலையில் பல் விளக்கிவிட்டு வந்தால் வளையத்துக்குப் பின்னாலிருந்து ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகள் வரும். திருப்பிச் சொன்னால்தான் காபி. அண்ணனுக்கு இருபது வார்த்தைச் சோதனையும் நடந்தது. இருபதுக்கு ஒன்பது வாங்கினார். காதில் கோளாறு இல்லை, மனைவி பேசுவதைக் கவனிக்கிற பழக்கம் இல்லை என்று அண்ணி நோட்டில் முறைப்படி குறித்துவைத்தார்.

இப்போது புருவத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் நாலு பேரும் ரம்மி விளையாடுவோம். தோற்றவர் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும். அண்ணிக்கு ஒரு பழக்கம். மனதுக்குள் 'இதோ' என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டால் இடது புருவம் தானாக மேலே ஏறும். ஜோக்கர் வந்தால் ஏறும். கார்டு சேர்ந்தால் ஏறும். நாங்கள் அதைப் பார்த்ததும் சீட்டைக் கவிழ்த்து, கொஞ்சம் புள்ளியோடு தப்பித்துவிடுவோம். அண்ணி புகுந்த வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரமே அண்ணன் இதைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்குச் சொன்னார். மகளுக்கு விவரம் தெரிந்ததும் அவளுக்கும் சொன்னோம். அண்ணிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரம் அண்ணிதான். தனக்குச் சீட்டு ராசியில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார், நாங்களும் உச்சுக்கொட்டுவோம்.

முதல் நோயாளியாக வந்தவரை நாங்கள் செக்கர் என்போம். முப்பத்தொரு வருடம் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். பேருந்தில் ஏறி ஒரு பார்வை பார்ப்பாராம், ஐம்பது பேரில் டிக்கெட் எடுக்காத ஆளிடம் நேராகப் போய்க் கையை நீட்டுவாராம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போயிற்று. அன்றிலிருந்து உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார். பதிவுக்காக என் முன்னால் நின்றபோது என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, இருந்தாலும் கைப்பையைத் திறந்து டிக்கெட் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. கூட அவர் மனைவி வந்திருந்தார். உதட்டில் புரியாததையெல்லாம் எழுதிக் காட்டிக் காட்டி அந்த அம்மாவின் விரலில் பேனா பிடித்த தழும்பே விழுந்திருந்தது.

மெஷினை உயிர்ப்பித்த அன்று, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று அண்ணி விளக்கினார். பிறகு எதிரில் உட்கார்ந்து கணினியில் ஒரு விசையைத் தட்டினார். விரல் மேலே போயிற்று. சத்தத்தைக் குறைத்துத் தட்டினார். விரல் மேலே போயிற்று. இன்னும் குறைத்தார். அதற்கும் போயிற்று. வழக்கமாக அரை நாள் இழுக்கிற வேலை, ஒன்றரை மணி நேரத்தில் நாற்பத்துநாலு அளவும் தயார். நரம்பு எப்போது பதில் சொல்கிறது என்று மெஷினே தனியாக அளந்து காட்டும் ஒரு சோதனை இருக்கிறது. அதன் கணக்குப்படி இத்தனை மெல்லிய சத்தம் அவருக்குக் கேட்க வழியே இல்லை. அண்ணி கொஞ்ச நேரம் யோசித்து, 'இவர் விதிவிலக்கு' என்று கோப்பில் எழுதி அடிக்கோடும் போட்டார். அன்று சாயங்காலம் தலைகால் புரியவில்லை அண்ணிக்கு. அண்ணனை வளையம் இல்லாமலே காபி குடிக்க விட்டார்.

ஒரு வாரத்தில் செக்கரின் மனைவி வந்து நின்றார். வீட்டில் இவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் நின்று தட்டைப் போட்டேன், திரும்பவில்லை. கதவை அறைந்தேன், பேப்பரைப் புரட்டிக்கொண்டிருக்கிறார் என்றார். அண்ணி திரும்பவும் சோதித்தார். முந்திய தடவையைவிடப் பிரமாதம். அதற்கடுத்த வாரம் வீட்டில் இன்னும் மோசம், இங்கே இன்னும் பிரமாதம்.

"இங்க வந்தா கேக்குது, வீட்டுக்குப் போனா கேக்கல. உங்க ரூம்ல அப்படி என்னதான் வெச்சிருக்கீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

அண்ணி, கம்பி நகர்ந்துவிட்டதோ என்று எக்ஸ்ரே எடுக்க வைத்தார், கம்பி வைத்த இடத்தில் இருந்தது. ப்ராசஸரை மாற்றினார். அவர்கள் வீட்டுக்கே போய்ச் சமையலறையில் நின்று ஆறு ஒலிகளையும் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தார். சாப்பாடு இறங்கவில்லை. பயிற்சியாளர் கடைசியாக வருவதற்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

அந்த வாரம் செக்கர் வந்திருந்தபோது, அவருடைய எக்ஸ்ரேயைக் கொடுக்க நான் உள்ளே போனேன். சோதனை நடந்துகொண்டிருந்ததால் வாசலிலேயே நின்றேன். அண்ணி விசையைத் தட்டுகிறார், புருவம் ஏறுகிறது, விரல் ஏறுகிறது. தட்டுகிறார், புருவம், விரல். ஐம்பது பேர் முகத்தை ஒரே பார்வையில் படித்தவருக்கு இந்த ஒரு புருவம் எந்த மூலைக்கு? அவருக்குச் சத்தம் எதுவுமே கேட்கவில்லை. நாங்கள் எப்படிச் சீட்டைக் கவிழ்த்தோமோ அப்படித்தான் அவரும் விரலைத் தூக்கிக்கொண்டிருந்தார். அதை நம்பி அண்ணி சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார். வாராவாரம் இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கிறார்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புருவத்தைப் பற்றிச் சொன்னால், உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்ற கேள்வி வரும். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு திரிந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சீட்டுப் போட்டோம். அண்ணி இளைத்துப்போயிருந்தார். கையில் வந்த சீட்டைப் பார்த்தார், புருவம் ஏறியது, அண்ணனும் மகளும் சீட்டைக் கவிழ்த்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. போட்டு உடைத்துவிட்டேன். மேசைக்கடியில் அண்ணன் என் காலை மிதித்த மிதியில் நகம் கறுத்துவிட்டது, இருந்தும் நிறுத்தாமல் செக்கர் வரை சொல்லி முடித்தேன்.

அண்ணி கையிலிருந்த சீட்டை ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். பிறகு, "பத்தொன்பது வருஷமா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன், முகத்தில் தெரிவதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று ஆரம்பித்தார். அண்ணி சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். அண்ணன் எழுந்து போனார். அன்றிலிருந்து இன்றுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் இருக்கிறார்.

ஆனால் எனக்குப் பெரிய ஆச்சரியம், அண்ணி என்மேல் கோபித்த நேரம் மொத்தமே கால் மணிதான். அதற்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. கம்பியும் சரி, மெஷினும் சரி, தப்பு என் முகத்தில்தான் என்றால் அதை மறைத்துவிட்டால் போயிற்று என்றார். அவருக்கு அது அவ்வளவு சுலபமாகப் பட்டது.

செவ்வாய்க்கிழமை புருவத்தில் பெரிய பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு சோதித்தார். செக்கர் அடிபட்டதா என்று அக்கறையாக விசாரித்துவிட்டு, அண்ணியின் தோள்பட்டை அசைவதைப் பார்த்து விரலைத் தூக்கினார். வியாழக்கிழமை நடுவில் அட்டைத் தடுப்பு வைத்தார்கள். அண்ணிக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியில் விழுந்த கையின் நிழலைப் பார்த்துத் தூக்கினார். அலமாரிக்குத் துணி போட்டார்கள். தடுப்புக்குக் கீழே தெரிந்த அண்ணியின் கால் கட்டைவிரலைப் பார்த்துத் தூக்கினார். அந்த மனிதர் கண்ணில் மண்ணைத் தூவ யாராலும் முடியாது. ஆளைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தால் தீர்ந்தது என்றேன். சத்தம் அதிகமாகி முகம் சுளித்தால் தனக்குத் தெரிய வேண்டுமே, நோயாளியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது என்றார் அண்ணி. கடைசியில், நான் சுவரோரம் உட்கார்ந்து செக்கர் முகத்தைப் பார்ப்பது, சுளித்தால் கையைத் தூக்குவது என்று முடிவாயிற்று. அதற்குள் பயிற்சியாளர் வரும் நாளும் வந்துவிட்டது.

அறையில் ஐந்து பேர். செக்கர் சுவரைப் பார்த்து. பக்கத்தில் நான். அவருக்குப் பின்னால் மேசையில் அண்ணி. ஒரு மூலையில் செக்கரின் மனைவி, இன்னொரு மூலையில் மடியில் தாள்களோடு பயிற்சியாளர். ஆரம்பிக்கலாம் மேடம் என்றார். அண்ணி மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டார்.

செக்கரின் விரல் மேலே போயிற்று.

அண்ணியின் கை இன்னும் பைக்குள்தான் இருந்தது. நான் பார்த்தேன், பயிற்சியாளரும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து விரல் மறுபடி போயிற்று. இப்போது பார்க்க முகமோ தோளோ எதுவும் இல்லாததால், பாவம், குத்துமதிப்பாக ஒரு இடைவெளி விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் கோப்பைப் புரட்டி, நரம்புச் சோதனைப் பக்கத்தை எடுத்து, 'இவர் விதிவிலக்கு' என்ற வரியில் விரலை வைத்தபடி நிமிர்ந்தார். ஐந்து வார வேலையும் பொய் என்று ஒரு நிமிடத்தில் வெட்டவெளிச்சமாகிவிட்டது.

அண்ணியின் கை விசைக்குப் போயிற்று. செக்கர் விரலைத் தூக்குகிற நேரம் பார்த்துத் தட்டினால், இன்னும் சமாளிக்கலாம். நானாக இருந்தால் தட்டியிருப்பேன். அண்ணி தட்டவில்லை. எழுந்து வந்தார். செக்கரின் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினார், எதிரில் உட்கார்ந்தார்.

"சார், நான் இன்னும் ஒண்ணுமே அழுத்தல."

செக்கர் அவர் உதட்டைப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் மற்றவர்கள் முகத்தில் எதைப் பார்த்தாரோ அது இப்போது செக்கரின் முகத்திலேயே வந்தது. அவர் மனைவி மூலையிலிருந்து திட்டத் தொடங்கினார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"கேக்கலன்னு சொன்னா மெஷினத் திருப்பி வாங்கிடுவீங்க. நானே அதத்தான் செஞ்சேன், வேலையில. டிக்கெட் இல்லன்னா எறங்குன்னுதான சொல்லுவோம்" என்றார்.

பயிற்சியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணி திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அடக்கினார். இத்தனை நாள் அந்தப் பெண்ணைக் கண்டாலே நடுங்கியவர்.

"அது உங்க தலைக்குள்ள இருக்கு சார், யாரும் எடுத்துட்டுப் போக முடியாது. இன்னிக்குப் பரீட்சை எனக்குத்தான். அதோ, அவங்கதான் மார்க் போடறாங்க. உங்களுக்கு எது கேக்கலன்னு நீங்க சொன்னாத்தான் என் வேலையை நான் செய்ய முடியும். கேக்குது கேக்குதுன்னீங்கன்னா நான் ஃபெயில்."

செக்கர் பயிற்சியாளரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "அப்ப டிக்கெட் இல்லாத ஆள் நீங்களா?"

"ஆமா சார்."

"என் சர்வீஸ்ல ஒருத்தரும் தானா வந்து சொன்னதில்லம்மா" என்றார். சொல்லிவிட்டு எழுந்து, நாற்காலியைத் தானே சுவர்ப் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்.

அண்ணி ஒவ்வொரு தடவை விசையைத் தட்டுவதற்கு முன்னாலும் எனக்குச் சைகை காட்டுவார், நான் செக்கரின் தோளைத் தொட்டு இப்போது என்று தெரிவிப்பேன். முதல் தடவை தொட்டேன். செக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேக்கல" என்றார்.

மருத்துவமனையில் பதினாறு வருடமாக ஆயிரம் பேர் சொல்லிக் கேட்ட வார்த்தை. திரும்பிப் பார்த்தால் அண்ணிக்குக் கண் நிறைந்திருக்கிறது. காது டாக்டரம்மா ஒருவர், நோயாளி கேட்கவில்லை என்று சொன்னதற்கு ஆனந்தக் கண்ணீர் விட்டதை உலகத்திலேயே நான் ஒருத்திதான் பார்த்திருப்பேன். சத்தத்தைக் கூட்டினார். கேக்கல. இன்னும் கூட்டினார். கேக்கல. செக்கருக்குத் தைரியம் வந்துவிட்டது, கட்சிக்காரர் கோஷம் போடுவது போல ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொன்னார்.

ஒன்பதாவது தடவை வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. வலிக்கிறதோ என்று நான் கையைத் தூக்கிவிட்டேன்.

"இல்ல, இல்ல. கைய எறக்கும்மா. இது வருது. யார் மூஞ்சியையும் பாக்காமலே வருது" என்றார்.

இருபத்திரண்டு மின்முனைகளுக்கும் மூன்று மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு இடத்தில் அண்ணி தப்பான பக்கத்தைத் திறந்துவிட்டு, சத்தமாக, தப்பு, திரும்பப் போறேன் என்று அறிவித்துவிட்டுத் திரும்பினார். பயிற்சியாளர் தன் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வந்து, கடைசியில் அண்ணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நரம்புச் சோதனைக் கணக்கும் புது மேப்பும் இந்தத் தடவை ஒத்துப்போயின. 'விதிவிலக்கு' வரியை அண்ணியே அடித்தார்.

பிறகு ப்ராசஸரின் மைக்கைத் திறந்துவிட்டு, செக்கரைத் தன் பக்கம் திருப்பி, வளையத்தால் வாயை மறைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து எளிய வார்த்தைகளாகச் சொன்னார். கதவு, தண்ணி, நாற்காலி. செக்கர் சிலவற்றைத் திருப்பிச் சொன்னார். சிலவற்றுக்குக் 'கேக்கல' என்றார், மகா சந்தோஷமாக. இருபதில் பதினொன்று சரி. அண்ணனைவிட இரண்டு அதிகம் என்று எனக்கு மனதுக்குள் ஓடியது. பயிற்சியாளர் குனிந்து எதையோ எழுதினார்.

"இதான் உங்க குரலா?" என்றார் செக்கர் திடீரென்று.

அண்ணி வளையத்துக்குப் பின்னாலிருந்து ஆமாம் என்றார்.

"இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கும்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பயிற்சியாளர் பெண்ணும் சிரித்தாள், சிரித்தால் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். போகப்போக நல்லா ஆகும் சார், மூளை பழக வேண்டும் என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தபோதே, செக்கர் யாரையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். என்ன ஆயிற்று என்று எனக்கு ஒரு நொடி புரியவில்லை. ஒன்பது வருடமாக, எதிரில் ஆள் இருக்கும்போது இமைக்கக்கூட யோசித்த மனிதர் அவர். கண்ணை மூடினால் பேச்சு நின்றுவிடும்.

அவர் மனைவியும் அதைப் பார்த்துவிட்டார். அந்த அம்மா எழுந்து இரண்டு அடி வைத்து, நின்றார். அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில், ரொம்பச் சாதாரணமாக, "என்னங்க, வீட்டுக்குப் போலாமா?" என்றார்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"போலாம். அவசரம் ஒண்ணும் இல்ல. நீ இன்னும் கொஞ்சம் பேசு."

பயிற்சியாளர் கையெழுத்துப் போட்ட தாளை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.